பச்சைப் பொடியும் பந்தய ஓட்டமும்



விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் நம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடுகிறது. அப்பா பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தாங்களும் எழுந்து, இருட்டு விலகுமுன்னே திடலைச் சுற்றி ஓடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தால் இன்னும் நன்றாக ஓடுவார்கள் என்று பெற்றோர் நினைப்பது இயற்கை. அந்த நல்ல எண்ணத்தைத் தேடித்தான் பச்சைப் பொடி டப்பா லயத்து வாசலுக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த மாணவி ஒருத்தி 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வு பெற்றாள். அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். அம்மா உதிரிப்பழம் பொறுக்குபவர். ஒரு நாள் அப்பா பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "டீச்சர், இந்தப் பச்சைப் பொடியை விளையாட்டுக்காரங்கல்லாம் குடிக்கிறாங்களாம். பிள்ளைக்கு வாங்கலாமா?" என்று கேட்டார். மணியடிக்கும் நேரம். டப்பாவை வாங்கிப் படித்துக்கூடப் பார்க்காமல், "கீரைதானே, கெடுதல் இருக்காது, வாங்குங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

ஒரு மாத டப்பாவின் விலை 160 வெள்ளி. இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியின்போது அந்தப் பிள்ளை இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "காலையில் என்ன பசியாறினாய்?" என்று கேட்டேன். "பச்சைத் தண்ணி டீச்சர்" என்றாள். டப்பாவுக்குக் காசு சேர்க்க வீட்டில் முட்டையையும் மீனையும் குறைத்திருந்தார்கள். கிளினிக்கில் இரத்தம் சோதித்ததில் இரத்தச் சோகை என்று தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வாய்ச்சொல்லை நம்பியல்லவா அந்த அப்பா காசு கொடுத்தார்! அதன் பிறகுதான் இந்தப் பொடியைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

இந்தப் பொடி என்பது என்ன? கோதுமைப்புல், வாற்கோதுமைப்புல், முருங்கை இலை, பசலை போன்றவற்றையும், ஸ்பைருலினா, குளோரெல்லா என்னும் நீர்ப்பாசி வகைகளையும் உலர்த்தி அரைத்த கலவை. சிலவற்றில் வைட்டமின்களையும் தனியாகச் சேர்ப்பார்கள். பச்சைக் கீரையில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே 10 கிராம் பொடி என்பது, கீரையின் வகையைப் பொறுத்து, ஏறக்குறைய 50 முதல் 100 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம். கையால் அள்ளினால் ஒன்றிரண்டு பிடி. உலர்த்தும்போது வைட்டமின் சி-யில் ஒரு பங்கு அழிந்தும் போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்கிறது. ஒரு கரண்டிப் பொடி அதை ஈடுகட்டாது.

சரி, ஓடுகிறவருக்கு என்ன வேண்டும்? முதலில் எரிபொருள். அது சோறு, தோசை, ரொட்டி, கிழங்கு, வாழைப்பழம் போன்ற மாவுச்சத்து உணவிலிருந்து வருகிறது. அடுத்து, உழைத்த தசையைச் சீர்படுத்தப் புரதம். கடும் பயிற்சி செய்யும் பெரியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம் வேண்டும். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 120 கிராம். ஒரு கரண்டிப் பச்சைப் பொடியிலோ பெரும்பாலும் 1 அல்லது 2 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது.

வகுப்பில் கணக்குப் போடுவதுபோல் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 160 வெள்ளி டப்பாவில் 30 கரண்டி. கரண்டிக்கு 2 கிராம் என்றே வைத்தாலும் மொத்தம் 60 கிராம் புரதம். அதே காசுக்கு ஏறக்குறைய பத்துத் தட்டு முட்டை, அதாவது 300 முட்டை வாங்கலாம். 300 முட்டையில் 1,800 கிராம் புரதம். முப்பது மடங்கு வித்தியாசம்!

"புரதத்துக்காகக் குடிக்கவில்லை, கீரையின் மற்றச் சத்துகளுக்காகத்தான்" என்று சிலர் சொல்லலாம். அதையும் பார்ப்போம். கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் என்னும் பொருள் உண்டு. அது இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்து, நெடுநேர ஓட்டத்தில் சிறிது உதவுகிறது. அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2018-இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கை, விளையாட்டுத் திறனுக்குத் தக்க சான்றுள்ள துணைப்பொருள்கள் என்று ஐந்தைக் குறிப்பிட்டது: காஃபின், கிரியேட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட். பச்சைப் பொடிக் கலவை அந்தப் பட்டியலில் இல்லை. நைட்ரேட்டாலும் பயன் வர வேண்டுமானால், சுமார் 300 முதல் 600 மில்லிகிராம் வரை, போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் உட்கொள்ள வேண்டும். பல டப்பாக்களில் எந்தப் பொருள் எவ்வளவு என்பதையே அச்சிடாமல், "கலவை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இந்த ஐந்தும் வளர்ந்த வீரர்கள், நிபுணர் மேற்பார்வையில் யோசிக்க வேண்டியவை. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ல.

விளையாட்டில் மேலே போகும் இளைஞர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2000, 2001 ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணைப்பொருள்களை ஜெர்மனியில் சோதித்தார்கள். அவற்றில் 94-இல், அட்டையில் குறிப்பிடாத தடைசெய்யப்பட்ட ஊக்கப்பொருள்கள் கலந்திருந்தன. ஏறக்குறைய ஏழில் ஒன்று! சோதனையில் அகப்பட்டால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது; உடலில் இருப்பதற்கு ஓடியவரே பொறுப்பு. நம் நாட்டின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் டாக்டர் மு. ஜெகதீசனை நினைத்துப் பாருங்கள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். 1968-இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய அவருடைய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அவரே பின்னாளில் மருத்துவராக, ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் பல்லாண்டு உழைத்தார். ஓட்டத்தின் பெருமை நேர்மையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"கீரைதானே, கெடுதல் இருக்காது" என்று நான் சொன்னேன் அல்லவா? அதுவும் முழு உண்மையல்ல. நம் வேலியோரத்தில் வளரும் சாயோர் மானிஸ் கீரையை நீங்கள் அறிவீர்கள். முட்டை போட்டுப் பிரட்டினால் நல்ல ருசி. 1994, 1995-இல் தைவானில், உடல் மெலிவதற்கென்று அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் பலர் குடித்தார்கள். 200 பேருக்கு மேல் நுரையீரல் நோய் கண்டு மூச்சுத் திணறினார்கள், சிலர் உயிரிழந்தார்கள். சமைத்து அளவாக உண்ணும் கீரை வேறு. பச்சையாகப் பிழிந்து நாளும் குடிக்கும் சாறு வேறு. அதேபோல், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டிகள் பச்சைப் பொடியைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்.

அப்படியானால் பொடி விஷமா? இல்லை. கீரையே கிடைக்காத இடத்தில் நெடுநாள் பயணம் செய்யும் வீரருக்கு, சோதிக்கப்பட்ட நல்ல பொடி ஓரளவு உதவலாம். வாங்குவதாயிருந்தால் அட்டையைப் படியுங்கள். சத்துத் துணைப்பொருளாகப் பதிவு செய்யப்பட்டது என்றால் 'மால்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பதிவு எண் இருப்பதனால் பிள்ளை வேகமாக ஓடுவாள் என்று பொருளல்ல; அதையும் மறந்துவிடாதீர்கள்.

நம் கையருகே இருப்பதைப் பார்ப்போம். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, கங்கோங் எல்லாம் கொல்லையிலேயே வளரும். களைக்கொல்லி அடித்த வரிசையோரத்தில் மட்டும் கீரை பறிக்காதீர்கள். நெத்திலி, கெம்போங் மீன், தெம்பே, பருப்பு, முட்டை ஆகியவை புரதம் தரும். கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் சேராது. கூடவே எலுமிச்சைச் சாறோ ஒரு துண்டு கொய்யாவோ இருந்தால் அதிகம் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் குறையும். ஆகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிக்கலாம். காசு செலவில்லாத வைத்தியம் இது.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். முட்டையும் மீனும் வீட்டுக்குத் திரும்பி வந்தன. அவள் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், நீங்க என்ன வேணும்னா சொன்னீங்க" என்று அவர் சிரித்தார். மாவட்டப் போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள், பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டாவது சுற்றில் உட்காரவில்லை. கோட்டைத் தாண்டியதும் என்னிடம் ஓடிவந்து, "பசிக்குது டீச்சர்" என்றாள். அதைவிட நல்ல செய்தி எனக்கு அன்று வேறில்லை.

பெற்றோர்களே, டப்பாவை நீட்டுகிறவர் எவரானாலும், என்னைப் போன்ற ஆசிரியரே சரி என்றாலும், "இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இந்தக் காசுக்கு வேறு என்ன வாங்கலாம்?" என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். பிள்ளையின் தட்டைக் குறைத்து எந்த டப்பாவையும் வாங்காதீர்கள்.