ஒரு பல் தள்ளி மாட்டிய ஷாஃப்ட்

காரைக்காலில் எங்கள் தெருவில் ஒரு பழைய ஜீப் உண்டு. முதல் கியரில் கிளம்பினால் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சுழற்சியைச் சக்கரப் பக்கம் கொண்டுபோகும் ஷாஃப்டின் கிராஸ் (சாய்விலும் சுழற்சியைக் கடத்தும் சிலுவை வடிவ இணைப்பு) போய்விட்டதென்று புதிதாகப் போட்டார்கள். நாலே மாதத்தில் மறுபடி 'டக்'. இப்படி மூன்று முறை.

உப்புக்காற்றுதான் காரணம் என்று நானும் தீர்ப்புச் சொன்னேன். கடலோர ஊரில் எல்லாப் பழியும் உப்புக்குத்தானே!

கழற்றிய கிராஸைக் கையில் வாங்கிப் பார்த்தார் மெக்கானிக். தண்ணீர் புகுந்திருந்தால் கிராஸின் முனைகளில் இருக்கும் பேரிங் மூடிக்குள் செந்துரு மாவு இருக்கும். இதில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆனால் ஊசி பேரிங் உருளும் இடத்தில், நகத்தில் தட்டுப்படுகிற வரிவரியான பள்ளம். "இது துரு இல்ல சார், அடி வாங்கினது" என்றார்.

அடி எங்கிருந்து வந்தது? சாய்வாகச் சுழலும் ஒற்றைக் கிராஸ் வேகத்தைச் சீராகக் கடத்தாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை கூடும், இரண்டு தடவை குறையும். 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் இந்த இணைப்பை ஆராய்ந்திருக்கிறார். முன் கிராஸ் கெடுப்பதைப் பின் கிராஸ் ஈடுகட்ட வேண்டும். அதற்கு ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்டின் நடுவில் உள்ள பல் இணைப்பைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போனால், போச்சு; அடியெல்லாம் கிராஸுக்குத்தான்.

மண்ணெண்ணெய்த் துணியால் ஷாஃப்டின் அழுக்கைத் துடைத்தார். அடியில் இரண்டு அம்புக்குறிகள், ஒன்றையொன்று பார்க்காமல்! நேராக்கி மாட்டி, புதுக் கிராஸ் போட்டு, நாலு மூடியிலும் பிதுங்கும்வரை கிரீஸ் அடித்தார்.

ஜீப் திருநள்ளாறு போய்த் திரும்பியது. இப்போது சத்தம் சைலன்சரில் மட்டும்தான்.