மாதாவின் கொடியும் ஒரு பிரசங்கமும்



இன்று உங்களோடு ஒரு பிரசங்கத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1794ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, மெக்ஸிக்கோ நகரையடுத்த தெப்பேயாக் குன்றடி ஆலயத்தில், ஸ்பானிய அரசப் பிரதிநிதியும் பேராயரும் கேட்டிருக்க அது நிகழ்த்தப்பட்டது. பேசியவர் செர்வாந்தோ தெரேசா தெ மியெர் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி.

அன்று குவாதலூப்பே மாதாவின் திருநாள். 1531இல் ஹுவான் தியேகோ என்ற சுதேச ஏழைக்கு அக்குன்றில் மாதா காட்சி கொடுத்தாள், அவருடைய மேலாடையிலே அவளது திருவுருவம் பதிந்தது என்பது அம்மக்களின் நம்பிக்கை. உருவத்தின் நிறம் மாநிறம். அவள் பேசியதும் அவருடைய நஹுவாத்தல் மொழியில்தான் என்கிறது கதை. அம்மொழியிலேயே அது 1649இல் அச்சேறிற்று. மடு மாதாவின் முன் தமிழில் ஒருவரும் சிங்களத்தில் ஒருவரும் அருகருகே நின்று முறையிடுவதைக் கண்டவர்களுக்கு, தாய் நம் மொழியில் பேசுவாள் என்பது எத்தகைய ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை. 1737இல் கொள்ளை நோய் பரவியபோது மெக்ஸிக்கோ நகரம் அவளைத் தன் பாதுகாவலியாக ஏற்றுக்கொண்டது. பின்னர் 1754இல் பாப்பரசர் அவளை அந்நாடு முழுவதற்கும் பாதுகாவலியென உறுதிப்படுத்தினார்.

மியெர் என்ன சொன்னார்? அந்த உருவம் ஹுவான் தியேகோவின் ஆடையில் பதிந்ததன்று. அது அப்போஸ்தலர் புனித தோமையாரின் மேலாடை. அவர் முன்னொரு காலத்தில் மெக்ஸிக்கோவுக்கு வந்து வேதம் போதித்தார். அம்மக்கள் கெட்சால்கோவாத்தில் என்று வணங்கியதும் அவரைத்தான். ஆம், மயிலாப்பூரிலே இரத்தம் சிந்தினார் என்று நாம் கேட்டு வளர்ந்த அதே தோமையார்தான்!

கேட்பதற்கு இது விசித்திரமான கற்பனை. ஆனால் உள்ளே ஒரு வழக்கறிஞனின் வாதம் இருக்கிறது. "நாங்கள் வேதத்தைக் கொண்டுவந்தோம், ஆகவே ஆளுகிறோம்" என்பதே ஸ்பானியரின் உரிமைப் பத்திரம். அவர்களுக்குப் பதினைந்து நூற்றாண்டுகள் முன்பே வேதம் வந்துவிட்டதென்றால் அந்தப் பத்திரம் செல்லாக்காசு. மறைபொருளை பேராயர் விளங்கிக்கொண்டார். மியெருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்து, ஸ்பெயினுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே மடங்களில் அடைபட்டும் தப்பியோடியும் அவர் பட்ட பாடுகளைக் கியூப எழுத்தாளர் ரெய்னால்தோ அரேனாஸ் பிற்காலத்தில் நாவலாக்கினார்.

வரலாறு என்ற அளவில் மியெரின் பேச்சு நிற்காது. எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று தென்படுகிறது. அந்நியனுடைய கடனிலிருந்து நாட்டை விடுவிக்க முனைந்த அந்தப் படித்த மனிதர், ஓர் ஏழையின் தோளிலிருந்த ஆடையை உருவி ஓர் அப்போஸ்தலருக்குப் போர்த்திவிட்டார். அந்த ஏழைக்கு இருந்ததே அது ஒன்றுதான். சனங்கள் தோமையார் கதையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மாதாவை எடுத்துக்கொண்டார்கள். 1810 செப்டெம்பரில் தொலோரெஸ் பங்குக் குரு மிகுவெல் இதால்கோ ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, வழியில் அத்தோத்தோனில்கோ ஆலயத்திலிருந்து குவாதலூப்பே மாதாவின் படத்தை எடுத்துக் கொடியாக்கினார். அவர் பின்னே திரண்டவர்களிற் பெரும்பாலோர் சுதேச விவசாயிகள். அரச தரப்பு சும்மா இருக்கவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்த ரெமேதியோஸ் மாதாவைத் தன் படைக்குத் தலைவியாக்கிற்று. இரு பாளையத்திலும் செபமாலை, இரு பாளையத்திலும் அதே மரியன்னை. அவள் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எந்தத் தளபதியும் கேட்டதாகத் தெரியவில்லை.

1813இல் இன்னொரு போராளிக் குருவான மொரெலோஸ், டிசம்பர் 12ஐச் சட்டப்படி கொண்டாட வேண்டும் என்று எழுதிவைத்தார். 1821இல் விடுதலை கிட்டியது. 1824இல் முதல் சனாதிபதியானவர், போர்க்காலத்திலேயே தம் பெயரைக் குவாதலூப்பே விக்தோரியா என்று மாற்றிக்கொண்டவர். மாதாவின் பெயரோடு வெற்றி என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய மாளிகையிலே விருந்தாளியாக இருந்தபடிதான் முதிய மியெர் 1827இல் கண்மூடினார்.

ஹுவான் தியேகோவுக்கு 2002இல் அதே குன்றடியில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புனிதர் பட்டம் அளித்தார். ஆலயத்தில் கண்ணாடிக்குப் பின்னே தொங்கும் அந்த ஆடையை, தோமையாருடையது என்று இன்று எவரும் சொல்வதில்லை.