முட்டைக்கு ஒரு பெட்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வேகவைக்காத முட்டையைத் தாம் செய்த பெட்டியில் வைத்து மாடியிலிருந்து போடவேண்டும், உடையாதிருந்தால் வெற்றி. பள்ளிகளில் நடைபெறும் இப்போட்டியைப் போடிமெட்டுக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் இன்று வைத்திருக்கின்றோம். பத்தாம் வகுப்போடு நின்ற புகைவண்டிக் குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்பீர்கள். பார்சல் அலுவலகத்தில் பல்லாண்டு இருந்தவன் யான். எது உடையும், எது உடையாது என்பதைக் கண்டு பழகியவன்.

பிள்ளைகள் முதலில் தேடுவது கெட்டியான தகர டப்பாவை. அதுதான் முட்டைக்குப் பகை. முட்டையை உடைப்பது உயரமன்று, சட்டென்று நிற்பதே. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் ஒரு வினாடியில் தரையைத் தொடுகின்றது. அப்போது அதன் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். அவ்வேகம் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கினால், 55 கிராம் முட்டையின்மேல் ஏறத்தாழ 27 கிலோ பாரம் விழும். 5 சென்டிமீட்டரில் அடங்கினாலோ ஐந்தரைக் கிலோதான். ஆதலால் முட்டைக்குப் பதிலாகப் பெட்டி நசுங்கவேண்டும். கசக்கிய தாள், வைக்கோல், பஞ்சு எதுவாயினும் சரி; உள்ளே முட்டை உருளாதிருக்கவேண்டும். நாமக்கல் முட்டை லாரியில் மலைப்பாதை வளைவுகளைக் கடந்து வருவது எதனால்? பழந்தாளைக் கூழாக்கி வார்த்த தட்டில், முப்பது முட்டைக்கும் தனித்தனிக் குழி இருப்பதனால்.

முட்டையை நிறுத்தி வைத்தால் வலிமை மிகுதி என்று ஆசிரியர்களே சொல்வதுண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் போட்டுப் பார்த்து, படுக்கையாக விழும் முட்டையே குறைவாக உடைகின்றது என்று 2025இல் வெளியிட்டார்கள். படுத்த முட்டை சிறிது வளைந்துகொடுத்து அடியை வாங்கிக்கொள்ளுமாம்.

நிற்க. பெற்றோர்க்கு ஒரு சொல். சில வீடுகளில் தந்தையே பெட்டி செய்து கொடுத்துவிடுகின்றார். முட்டை பிழைக்கலாம், பிள்ளை கற்றது என்ன? விக்ரம் கலம் 2019 செப்டம்பர் 7ஆம் நாள் நிலவில் மோதி நொறுங்கியது. அறிஞர்கள் குறைகளைத் தேடினார்கள். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்கும் கால்களை 3 மீட்டர் தாங்குமாறு வலுப்படுத்தினார்கள். வேறு பல திருத்தமும் செய்தார்கள். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துப் புகைவண்டித் தொழிலாளி ஒருவரின் மகன். எங்கள் இனத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சற்றுப் பெருமைதான்! நிலவு மண்ணைப் போன்ற மண் சோதனைக்கு வேண்டியிருந்தபோது அது கிடைத்த இடமும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியே. முட்டையோடு நில்லாமல் மண்ணும் கொடுத்த ஊர்.

ஆகவே வீட்டிலேயே இரண்டு முட்டை உடையட்டும். கூலி வாங்கிக் குடும்பம் நடத்தும் தாய்மார்கள் முட்டை வீணாகின்றதே என்று வருந்துவது நியாயம். சுத்தமான பிளாஸ்டிக் பையில் முட்டையை இட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். உடைந்தாலும் அடுப்பிற்குப் போகும். உடைந்த பெட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் நசுங்கிற்று, எந்தப் பக்கம் நசுங்கவில்லை என்று பிள்ளையே பார்க்கட்டும்.

இப்பொழுது பெட்டிகள் மாடிக்குப் போகின்றன. கீழே நிற்பவர்கள் தயவுசெய்து சற்று விலகிக்கொள்ளுங்கள்.