கூடிச் செல்லும் பயணம்

மோட்டார்ச் சைக்கிளில் ஒருவர் தனியே ஊர் காணப் புறப்பட்டால் அவருக்கு உரிமமும் தலைக்கவசமும் எரிபொருளும் போதியனவாகும். பதினைந்து பேர் ஒரு கழகமாகக் கூடிப் புறப்படும்போதோ ஒழுங்கொன்றும் வேண்டப்படுகின்றது. அவ்வொழுங்கு எத்தகையது என்பதை உணர்வதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகம் மிக ஏற்ற களமாகும்.

இத்தகைய கழகங்கள் புதியன அல்ல. இங்கிலாந்தில் 1901ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிளிங் கிளப் தோன்றியது. இலண்டனிலிருந்து எடின்பரோ வரையுள்ள ஏறக்குறைய 400 மைலை 24 மணி நேரத்துள் கடக்கும் ஓட்டமொன்றை அது 1904இல் நடத்தியது. அக்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் மணிக்கு 20 மைலுக்கு மேற் செல்லச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே பாய்ந்து சென்றவரை விடத் தளராது சென்று உரிய காலத்திற் சேர்ந்தவரே அங்கு மதிக்கப்பட்டார்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காலையிற் புறப்படும் குழு பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக ஊர்காவற்றுறையை அடையலாம். இடையே கிளைவழிகளில் திரும்பிச் சரவணை, சுருவில் முதலிய ஊர்களையுங் காணலாம். பின்னர் ஊர்காவற்றுறையில், மக்கள் 'பாதை' என வழங்கும் மிதவையில் ஏறிக் காரைநகர் சேர்ந்து, பொன்னாலைத் தாம்போதி வழியே பொழுது சாயுமுன் நகருக்கு மீளலாம். தூரம் பெரிதன்று. விரைய வேண்டிய தேவை எதுவும் இல்லை.

பண்ணைத் தாம்போதியில் இருபுறமும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் அக்காற்று வண்டியை நிலைகுலையச் செய்யும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. முன்னே செல்பவர் திடீரெனப் பிறேக்கை அழுத்தினால், பின்னே வருபவர் அதைக் கண்டு கை அசைப்பதற்குள் அத்தூரம் கழிந்துவிடும். ஆதலால் தமக்கு நேர் முன்னே செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே இரண்டு விநாடித் தூரமாவது விடுதல் வேண்டும். அகன்ற சாலையில், தமக்குரிய பாதிக்குள்ளேயே ஒருவர் இடப்புறமாகவும் அடுத்தவர் வலப்புறமாகவும் நிரை கொள்ளலாம். ஒடுங்கிய இடத்திலும் வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லல் நன்று.

நீண்ட நிரைக்கு இயல்பான குறையொன்று உண்டு. வளைவு வந்ததும் அனைவரும் வேகத்தைக் குறைப்பர். முன்னவர் வளைவைக் கடந்து மீண்டும் விரையும்போது கடைசியில் வருபவர் இன்னும் வளைவிலேயே இருப்பார். பின்னர் அவர் இடைவெளியை ஈடுசெய்ய ஏனையோரை விட விரைந்தோட நேரும். புதிதாகப் பழகியவர் கடைசியில் நின்றால், குழுவிலே மிக வேகமாகச் செல்லும்படி தள்ளப்படுபவர் அவரே. ஆகையால் அனுபவம் குறைந்தவரை வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்தி, தேர்ந்த ஒருவரைக் கடைசியில் அமர்த்துவது முறை. சந்திதோறும் ஒருவர் நின்று, பின்வருவோருக்குத் திசை காட்டிவிட்டுச் சேர்ந்துகொண்டால், வழி தவறுவேன் என்ற அச்சத்தால் எவரும் விரைய வேண்டியதில்லை. தளர்ந்தவரின் வேகமே குழுவின் வேகம்.

இவ்வொழுங்கு குழுவுக்குள் மட்டும் நின்றுவிட்டாற் பயன் அரைவாசியே. சுருவில் போன்ற ஊரின் வழி அங்குள்ளோரின் வழி. அதில் மாணவர் துவிச்சக்கர வண்டியிற் செல்வர். ஆடும் மாடும் குறுக்கே வரும். முதியோர் வேலியோரமாக நடப்பர். ஒரு வண்டியின் ஓசையைப் பொறுத்துக்கொள்ளும் மூதாட்டி பதினைந்து வண்டிகளின் முழக்கத்தைக் கேட்டு நடுங்கக்கூடும். 1990ஆம் ஆண்டை அடுத்த போர்க் காலத்தில் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். திரும்பாதவரின் வீடுகள் பல இன்றும் கூரையின்றி நிற்கின்றன. வழிப்போக்கருக்கு அவை வினோதக் காட்சியாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு வாசலுக்கும் உரியவர் எங்கோ இருக்கின்றார். படமெடுப்பதற்காக அவற்றினுள் நுழைதல் தகாது.

தீவகத்தில் நன்னீர் அரிது. பல கிணறுகள் உவர் நீரே தருவன. குடிநீரைக் குழுவினர் நகரிலிருந்தே கொண்டு செல்லல் வேண்டும். ஊர்க் கிணற்று நீரில் வண்டியின் புழுதியைக் கழுவுவது, பிறர் வீட்டு உலைநீரைக் கவிழ்ப்பதற்கு ஒப்பாகும்.

ஊர்காவற்றுறைப் பாதையிலும் இப்பண்பு சோதிக்கப்படுகின்றது. அதில் ஏற்றக்கூடிய வண்டிகள் சில. பதினைந்து பேரும் முந்தி ஏறிவிட்டால், வேலை முடிந்து வீடு திரும்பும் ஆசிரியையும் மருந்து வாங்கி வருபவரும் கரையில் நிற்க நேரும். குழு இரண்டாகப் பிரிந்து, ஊரவர் ஏறிய பின் எஞ்சிய இடத்தில் ஏறினாற் குறையொன்றும் இல்லை. காத்திருக்கும் நேரத்திற் கடல் நடுவே நிற்கும் கடற்கோட்டையைப் பார்க்கலாம். 1658இல் ஒல்லாந்தர் அதைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர்.

அதனினும் பழைய சான்றொன்று அண்மையிலுள்ள நயினாதீவில் இருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. ஊராத்துறைக்கு வரும் அயல்நாட்டவர் பாதுகாக்கப்படவேண்டும் என்று அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், நாலிலொரு பங்கே பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு.

வந்தவரைக் காப்பதற்கு அத்துறை அன்றே விதி கண்டது. வருபவர் ஊரைக் காப்பதற்கான விதியைக் கல்லில் எவரும் பொறிக்கவில்லை. அதனைப் பயணஞ் செய்வோர் தாமே கைக்கொள்ளல் வேண்டும். மாலையில் அனைவரும் நலமே வீடு திரும்ப, அவர்கள் கடந்து சென்ற ஊரிலும் எவருக்கும் இடையூறு நேராதிருந்தால், அப்பயணம் நன்கு நிறைவேறியது எனலாம்.