நாக்கு சொல்லும் சாட்சி

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூக்கையும் வாயையும் மூடி ஒரு மாஸ்க். அதற்கும் மேலே, தலையிலிருந்து தோள்வரை இறங்கும் ஒரு கூடு. முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் சாளரம், அதில் சின்னத் துளை. அந்தத் துளை வழியாக இன்னொருவர் எதையோ புஸ்ஸென்று பீய்ச்சுகிறார். உள்ளே இருப்பவர் வாயைத் திறந்து, நாக்கைக் கொஞ்சம் நீட்டியபடி மூச்சு விடுகிறார். தலையை இடமும் வலமும் திருப்புகிறார், அண்ணாந்து பார்க்கிறார், குனிகிறார், 100-இலிருந்து தலைகீழாக எண்ணுகிறார்.

பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அமெரிக்காவில் முகத்தோடு ஒட்டி நிற்கும் சுவாசக் கவசம் கட்டாயமான வேலை என்றால், இந்தச் சோதனையில் தேறாதவரை அதற்கு அனுப்பக்கூடாது என்பது சட்டம். ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்ய வேண்டும். ஃபிட் டெஸ்ட் என்பார்கள். நாம் பொருத்தச் சோதனை என்று வைத்துக்கொள்வோம்.

மாஸ்க்தான் நல்ல கம்பெனி சரக்காயிற்றே, அப்புறம் எதற்குச் சோதனை? என்95 என்ற பெயரை இன்று அறியாதவர் இல்லை. மிக நுண்ணிய துகள்களில் நூற்றுக்கு 95-ஐயாவது அது பிடித்துவிடும். உண்மைதான். ஆனால் ஆய்வகத்தில் அந்த 95-ஐ அளக்கும்போது மாஸ்க்கின் விளிம்பை ஒரு தட்டோடு சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அங்கே முகமே கிடையாது. உங்கள் மூக்குத் தண்டும் என் ஒட்டிய கன்னமும் அந்தக் கணக்கில் இல்லை.

காற்று சுலபமான வழியைத் தேடும். வடிகட்டி மூச்சைத் தடுக்கத் தடுக்க, காற்று விளிம்பில் ஓர் இடுக்கைப் பார்த்து அதன் வழியே போகும். கொரோனா காலத்தில் மாஸ்க் போட்டதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்ததே, நினைவிருக்கிறதா? அது மூக்கோரத்து ஓட்டை. மூச்சு அங்கே வெளியே வருகிறது என்றால், உள்ளே இழுக்கும்போது தூசியும் அதே வழியில் வரும்.

சரி, பீய்ச்சுவது என்ன? ஒன்று, இனிக்கும் சாக்கரின் கரைசல். இல்லையென்றால் பிட்ரெக்ஸ் என்ற கசப்பு. எரிசாராயத்தை யாரும் குடித்துவிடக் கூடாது என்று கலப்பார்களே, அந்த ரகம். அதோடு ஒப்பிட்டால் நிலவேம்புக் கஷாயம் பாயசம். முதலில் மாஸ்க் இல்லாமலே மிக நீர்த்த கரைசலைப் பீய்ச்சி, இவர் நாக்குக்கு அந்தச் சுவை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. பிறகு மாஸ்க்கைப் போட்டு, கெட்டிக் கரைசல். ஏழு அசைவுகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். சுவை தெரிந்ததா, தோல்வி. வேறு அளவு, வேறு மாடல் எடுத்துவந்து மறுபடியும் தொடங்க வேண்டியதுதான்.

நாக்கை நம்பாதவர்களுக்கு இயந்திரமும் உண்டு. மாஸ்க்குக்கு வெளியே எத்தனை துகள், உள்ளே எத்தனை என்று எண்ணும். பாதி முகத்தை மூடும் வகையில், வெளியே 100 இருந்தால் உள்ளே ஒன்றுக்கு மேல் போகக்கூடாது. முழு முகக் கவசத்துக்கு 500-க்கு ஒன்று.

இதில் தாடி பெரிய வில்லன். ஒரு நாள் முள்தாடிகூட விளிம்பைத் தூக்கிவிடும். நம் ஊரில் இந்த விதி வந்தால் கார்த்திகை மாதம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். புரட்டாசியில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு தேறியவர், மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்தால், அந்தத் தேர்ச்சிக்கு மதிப்பில்லை. பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்களுக்கு 2020-இல் இதே சிக்கல் வந்தது. தாடியை எலாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் மாஸ்க் அணியும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். தாடி மட்டுமல்ல, உடம்பு நன்றாக இளைத்தாலும் பெருத்தாலும், பல் செட் மாற்றினாலும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

முகங்களை அளந்த கதை தனி. அமெரிக்காவில் கவசங்களை வடிவமைக்க நெடுங்காலம் உதவியவை, 1960-களின் கடைசியில் விமானப் படையினரிடம் எடுத்த முக அளவுகள். ராணுவ முகம் வேறு, ஆலைத் தொழிலாளியின் முகம் வேறு என்று தோன்றி, 2003-இல் ஏறத்தாழ 4,000 பேரை மறுபடி அளந்தார்கள்.

நம் ஊருக்கு வருவோம். மாமல்லபுரத்தில் கருங்கல்லை மெஷினால் அறுக்கும்போது முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். துண்டில் நிற்பது கண்ணுக்குத் தெரியும் தூசி. நுரையீரலைக் கல்லாக்கும் சிலிக்கோசிஸைக் கொண்டுவருவது கண்ணுக்கே தெரியாத தூள், அதுவும் பல வருடம் கழித்து. கல்லை நனைத்து அறுப்பதும், தூசியை உறிஞ்சி இழுப்பதும்தான் முதலில் செய்ய வேண்டியவை. மாஸ்க் அதற்கு அப்புறம்.

சோதனைக்கு இனிப்பா, கசப்பா என்று கேட்டால் என் ஓட்டு கசப்புக்கு. வேலைக்கு நேரமாகிறது, சீக்கிரம் முடியட்டும் என்று, இனிப்பு தெரிந்தும் தெரியவில்லை என்று ஒருவர் சொல்லிவிடலாம். கசப்பில் அது கஷ்டம். கஷாயத்தை விழுங்கிய பிள்ளை கசக்கவே இல்லை என்று சொன்னால், முகத்தைப் பார்க்கும் தாய் நம்புவாளா?