வண்டியில் வைத்த பாட்டு

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியது. மலருக்காக எழுதித் தரச் சொன்னார்கள். பேசியதைப் பெரும்பாலும் அப்படியே தந்திருக்கிறேன்.)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் பெரிய விஷயங்கள் பேசினார்கள். அந்த அளவுக்கு என்னிடம் சரக்கு கிடையாதுங்க. 2010ல் இங்கே ஈ.சி.இ. முடித்தேன். அன்றிலிருந்து பார்ப்பது ஒரே வேலை. காரில் கம்பெனியே பொருத்திக் கொடுக்கிறதே ஒரு பாட்டுப் பெட்டி, அதைச் சோதித்துப் பார்க்கிற வேலை. சொந்தக்காரர்களிடம் சொன்னால், "அதாவது, ஏசி காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் சம்பளம்" என்கிறார்கள். ஏறக்குறைய அதுதான். என்ன, ஒரே பாட்டை நானூறு தடவை கேட்க வேண்டும். அந்தப் பாட்டை நான் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன். காருக்குள் பாட்டை எப்படி வைப்பது, எப்படி அடுக்குவது? இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் 2019 வரை அப்படித்தான் தோன்றியது.

அப்பா ராசிபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். மெட்டடோர் வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பிளைவுட்டில் அடித்த ஒரு பெட்டி, அது நிறையக் கேசட்டுகள். கடையில் வாங்கிய ஒரிஜினல் கேசட் கொஞ்சம்தான். மீதியெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷக் காலிக் கேசட்டில் பதிந்து வாங்கியவை. எங்கள் செட்டுக்கு ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருக்கும். தம்பிமார்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் பிளேலிஸ்ட் என்கிறீர்களே, அதை ஒரு தாளில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருப்போம்.

அந்தப் பெட்டியை அப்பா அடுக்கியிருந்த விதம்தான் விசேஷம். படத்தின் பெயர், பாடகர் பெயர் எதுவும் மேலே இருக்காது. கேசட்டின் முதுகில் பேனாவால் 'கிளம்பறது', 'மலை ஏத்தம்', 'சாப்பாட்டுக்கு மேல', 'ராத்திரி 2 மணி' என்று எழுதியிருப்பார். கிளம்பறது என்றால் பிள்ளையார், முருகன். ஊர் எல்லை தாண்டும்வரை அதுதான் ஓடும். சாப்பாட்டுக்கு மேல என்றால் பி.பி. ஸ்ரீனிவாஸ், சத்தம் குறைவாக. பின்னால் ஜனம் தூங்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அதே பாட்டு ஆகாது, டிரைவரும் தூங்கிவிடுவார். அதற்கு எல்.ஆர். ஈஸ்வரி, நல்ல தாளத்தோடு டி.எம்.எஸ். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நடுவில் கையை எடுத்துப் பாட்டு மாற்ற முடியாது என்று, மலை ஏத்தத்துக்கு மட்டும் ஒரு பாட்டும் தள்ளத் தோன்றாத மாதிரி லிஸ்ட் போட்டிருப்பார். 'மலை இறக்கம்' என்று ஒரு கேசட்டும் கிடையாது. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "எறங்கறப்ப பாட்டு ஆகாது கண்ணு. பிரேக்கு சத்தம் காதுல விழோணும்" என்றார்.

2014ல் நான் முதல் கார் வாங்கினேன். அதன் ஸ்டீரியோவிலேயே 1 ஜிபி உள்நினைவகம் இருந்தது. பென்டிரைவில் இருக்கும் பாட்டை அதற்குள் ஏற்றிக்கொண்டு, பென்டிரைவைக் கழற்றிவிடலாம். 1 ஜிபி எவ்வளவு என்று பார்ப்போம். எம்பி3 பாட்டு 128 கிலோபிட் தரத்தில் நொடிக்கு 16 கிலோபைட் பிடிக்கும். 4 நிமிஷப் பாட்டு 4 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. ஆக 250 பாட்டுக்குச் சற்று மேல். 60 நிமிஷக் கேசட் கணக்கில் 17 கேசட். அப்பாவின் பெட்டியிலிருந்து சரியாக 17 கேசட் எடுத்து ஆபீஸ் லேப்டாப்பில் பதிந்தேன். கேசட்டில் குறுக்கு வழி கிடையாது. 60 நிமிஷம் ஓடினால்தான் 60 நிமிஷம் பதியும். பிறகு உட்கார்ந்து தனித்தனிப் பாட்டாக வெட்ட வேண்டும். பல ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. முடித்துக் காருக்குள் ஏற்றினேன். பென்டிரைவை வேறு வேலைக்காக அழித்தேன். புது லேப்டாப் கொடுத்தபோது பழையதைத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டுத்தான் காரில் இருக்கிறதே என்ற தைரியம். அப்பாவிடமும், "அந்தக் கேசட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்கப்பா, அட்டாலியில எடத்த அடைக்குது" என்று சொன்னேன்.

2019ல் அந்தக் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புது வண்டி எடுத்தோம். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து, "மலை ஏத்தம் போடு கண்ணு" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டி ஓட்டும்போது இரண்டும் ஓடாமல் இருப்பது நல்லதல்ல என்பதால் ஓரமாக நிறுத்தினேன். மறுநாள் விசாரித்தால், பழைய கார் கைமாறி வேறு ஊர் போய்விட்டது. அது திரும்பக் கிடைத்திருந்தாலும் பயனில்லை. அந்த ஸ்டீரியோவில் பாட்டை உள்ளே ஏற்ற வழி உண்டு, அழிக்க வழி உண்டு, வெளியே எடுக்க வழி கிடையாது. கோளாறு என்று சொல்ல முடியாது. காரில் உள்ள பெட்டி பாட்டை நகலெடுத்துப் பரப்பும் கருவியாகிவிடக் கூடாது என்று, பதிப்புரிமைச் சிக்கலை மனதில் வைத்து வேண்டுமென்றே இப்படிச் செய்வார்கள். சி.டி.யை உள்ளே பதிந்துகொள்ளும் ஹார்ட் டிஸ்க் வைத்த ஸ்டீரியோக்கள் முன்பு வந்தன, அவற்றிலும் பெரும்பாலும் இதே கதைதான். இதையெல்லாம் தினமும் சோதித்து 'சரியாக இயங்குகிறது' என்று எழுதிக் கொடுப்பவன் நான். எனக்குத் தெரியாமல் இல்லை. என் வண்டிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அப்பா திட்டவில்லை. "கேசட்டு அட்டாலியிலதான் இருக்குது. டேப்பு அறுந்தா ஒட்டிக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். நான் சொல்லி அவர் கேட்காத விஷயங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் தடவை பதிவது முதல் தடவை மாதிரி இல்லை. அஞ்சு வருஷத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. சிலவற்றில், டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருந்தது. திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, ரெக்கார்டிங் சென்டர் மெஷினில் ஹெட் இருந்த கோணமும் நம் பிளேயரில் இருக்கும் கோணமும் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினால் திடீரென்று குரல் தெளியும். அந்த நிமிஷம் நன்றாக இருக்கும். கேசட்டுக்குக் கேசட் அதைச் செய்தேன்.

17ல் 14 தேறின. மூன்று போனது போனதுதான். அதில் இரண்டில் இருந்த பாட்டுகளை வேறு இடத்தில் தேடி எடுத்துவிட்டேன், உள்ளே அட்டையில் அப்பா கையெழுத்தில் லிஸ்ட் இருந்தது. மூன்றாவது கேசட் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், பந்தல் காலோரம் டூ-இன்-ஒன்னை வைத்து அப்பாவே பதிந்த நாதஸ்வரம். வாசித்தவர் இப்போது இல்லை. அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதனால் தம்பிகளே, முதலில் தாய்ப்பிரதி. பாட்டோ, வேறு எதுவோ, மூலம் வீட்டில் இரண்டு தனித்தனி இடத்தில் இருக்கட்டும். காருக்குப் போவது நகல் மட்டும்.

இனி அடுக்குகிற விஷயம். புது ஸ்டீரியோவில் 14 கேசட்டையும் ஏற்றியபோது இன்னொரு வேடிக்கை. கார் ஸ்டீரியோ நீங்கள் கொடுத்த ஃபைல் பெயரைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. ஃபைலுக்குள் எழுதியிருக்கும் குறிப்பைத்தான் படிக்கும். எம்பி3க்குள் அப்படிக் குறிப்பு எழுதும் வழக்கம் 1996ல் எரிக் கெம்ப் என்பவர் தொடங்கியது. ஃபைலின் வாலில் 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடுபவர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்துக்கு அது ஒப்பேறும். நமக்கு? இன்று நாம் எழுதும் யூனிகோடு யு.டி.எஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்குறி. 'விஸ்வநாதன்' என்று எழுதிப் பாருங்கள். புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 10 குறி. 30 பைட்டும் தீர்ந்தது. எம்.எஸ். வெளியே நிற்கிறார்.

பிறகு 1999ல் வந்த ஐடி3 2.3 பதிப்பில் இந்த இடப்பஞ்சம் இல்லை, யூனிகோடும் உண்டு. 2000ல் 2.4 வந்தது. கார்களில் 2.3 போடுவதே பத்திரம், பழைய ஸ்டீரியோக்களில் சில 2.4ஐச் சரியாகப் படிக்காது. எம்பி3டேக் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரே சமயத்தில் நூறு பாட்டுக்குக் குறிப்பு எழுதலாம்.

இத்தனையும் செய்தாலும் திரையில் கட்டம் கட்டமாக வரலாம். தமிழ் எழுத்துரு அந்த ஸ்டீரியோவுக்குள் இல்லை என்று அர்த்தம். சிலவற்றில் எழுத்துரு இருக்கும், ஆனால் கோக்கத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் இன்னொரு பக்கம். அப்பா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, நெல்லுமூட்டய அடுக்குன மாதிரி இருக்குது" என்றார். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைக் குறையாகப் பதிவு செய்தேன். 'தேவைப் பட்டியலில் இந்த மொழி இல்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். சட்டப்படி சரியான பதில். அந்தப் பட்டியலை எழுதுகிற நாற்காலியில் நாளைக்கு உங்களில் யாராவது உட்காருவீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

எழுத்தைவிடப் பெரிய தொல்லை, அடுக்குகிற முறை. பாடகர், ஆல்பம், வகை என்று மூன்று கதவு வைத்திருப்பார்கள். ஒரு பாடகர் ஒரு ஆல்பம் முழுக்கப் பாடுகிற ஊர்களுக்கு அது பொருந்தும். நம் படத்தில் ஆறு பாட்டை ஆறு பேர் பாடுவார்கள். சில ஸ்டீரியோவில் ஒரு படம் ஆறு துண்டாகிவிடும். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் ஒற்றை ஏ, இரட்டை ஏ, ஐ, ஒய் என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பதால், ஒரே ஆள் மூன்று நாலு பேராக நிற்பார். 'பில்லா' என்று தேடினால் 1980ல் எம்.எஸ்.வி. இசையமைத்ததும் 2007ல் யுவன் சங்கர் ராஜா இசையமைத்ததும் ஒன்றாகக் கலந்து வரும். 'படிக்காதவன்' 1985, 2009 அதே கதி. படப் பெயரோடு வருஷத்தையும் சேர்த்து எழுதினால் தீர்ந்தது. வகை என்ற கதவைத் திறக்கவே வேண்டாம். 1996ல் போட்ட வகைப் பட்டியலில் போல்கா உண்டு, கர்நாடக இசை கிடையாது. திருட்டுத்தனமாக இறக்கிய பாட்டு என்றால் எல்லாப் பாட்டையும் ஒரே ஆள் பாடியிருப்பார், அந்த வெப்சைட். (இங்கே சிலர் சிரித்தீர்கள். யார் என்று பார்த்துக்கொண்டேன்.)

இதில் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் நான் அப்பாவின் பெட்டிக்கே போய்விட்டேன். ஃபோல்டர். அநேகமாக எல்லா ஸ்டீரியோவிலும் ஃபோல்டர் வழியாகப் பாடவைக்க வசதி உண்டு. '01 கிளம்பறது', '02 மலை ஏத்தம்' என்று ஃபோல்டர்கள், கட்டம் வராமல் இருக்க ஆங்கில எழுத்தில். முன்னால் எண் போடுங்கள். 1, 2 என்று போட்டால் பல பெட்டிகள் 1, 10, 11, 2 என்று வரிசைப்படுத்தும், ஆகவே 01, 02. சில ஸ்டீரியோ வரிசையே படுத்தாது, பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அது முதலில் பாடும். அதனால் மொத்தமாக இழுத்துப் போடாமல், காலி பென்டிரைவில் ஒவ்வொரு ஃபோல்டராக வரிசைப்படி ஏற்றுவது நல்லது. பென்டிரைவை எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதைப் படிக்காத கார் ஸ்டீரியோவை நான் இதுவரை பார்த்ததில்லை.

"இப்ப யாருண்ணா பென்டிரைவ் வெச்சுக்கறாங்க, போன்லயே எல்லாப் பாட்டும் வருதே" என்று முன்வரிசைத் தம்பி காலையிலேயே என்னைக் கேட்டுவிட்டார். வரும். நானும் கேட்கிறேன். மலையில் சிக்னல் போனால் நிற்கும். கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம் முடிந்தால் நேற்று இருந்த பாட்டு இன்று காணாமல் போகும். ஆனால் என் காரணம் அதுவும் இல்லை. அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, போனில் தேடத் தெரியாது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் திருகை இரண்டு தடவை சுழற்றினால் மலை ஏத்தம், மூன்று தடவை சுழற்றினால் சாப்பாட்டுக்கு மேல. அதை அவரே செய்துகொள்கிறார். புது வண்டி வந்த முதல் மாதம், "எதையாவது போடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

போன மாதம் கொல்லிமலை போனோம். ஏறும்போது அவரே போட்டார். இறங்கும்போது முதல் வளைவு வருவதற்கு முன்னால் அவரே நிறுத்தினார்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். தேநீர் இடைவேளையில் பின்வரிசை மேஜையில் லேப்டாப்போடு இருப்பேன். பென்டிரைவ் கொண்டுவந்தவர்கள் வாருங்கள், பத்து நிமிஷத்தில் சரிசெய்து தருகிறேன். வீட்டில் பழைய கேசட் இருந்து, பதியத் தெரியாமல் வைத்திருப்பவர்களும் வாருங்கள். திருகாணி போட்ட காலிக் கூடு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.