மீண்டெழும் நகரம்: மீள்வது யார்?

(மாணவர் முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு துண்டறிக்கை. "அண்ணே, வெள்ளம் வந்த ஊர்ல சமூகத் தொழில்முனைவோருக்கு உதவ தன்னார்வலர்களக் கூப்பிடறாங்க. போகலாமா, வேணாமா?" என்று கேட்டார்கள். நம் இயக்க வழக்கப்படி, 'என்.ஜி.ஓ. வேலைடா அது, போய்ப் படிக்கிற வழியப் பாரு' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன்னா நானே போனவன். 2005 சனவரியில் நாகப்பட்டினக் கரைக்குப் போனவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் பார்த்தே இராத, படித்து மட்டுமே தெரிந்துகொண்ட ஒரு ஊரைப் பற்றிப் பேசணும். நியூ ஆர்லியன்ஸ்.

சுனாமிக்கு எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் லூசியானா கரையில் கத்ரினா புயல் அடித்தது. ஊரை முழுகடித்தது காற்று இல்லை. இராணுவப் பொறியாளர் படை கட்டிய வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்துதான் ஊரில் 80 விழுக்காடு தண்ணீருக்குள் போனது. இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்க. கறுப்பர்களின் கீழ் ஒன்பதாம் வார்டு முழுகியது. வெள்ளையர் வாழ்ந்த லேக்வியூவும் முழுகியது, அதை நாம் மறைக்கத் தேவையில்லை. முழுகியதை விட எழுந்ததில்தான் சாதி தெரிந்தது. அங்கே அதன் பேர் நிறம்.

2000 மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊரில் 4,84,674 பேர். 2010 கணக்கில் 3,43,829 பேர். குறைந்த கறுப்பர்கள் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். இவர்கள் எல்லாம் செத்துப்போகவில்லை. பலர் பேருந்திலும் விமானத்திலும் ஏற்றி வேறு வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள். திரும்பி வர வழி இல்லாமல் அங்கேயே தங்கிப்போனவர்கள்.

வழி எப்படி அடைபட்டது? 'ரோடு ஹோம்' என்று ஒரு திட்டம். வீட்டுக்குப் போகிற பாதை என்று அர்த்தம்; பேரில் ஒன்றும் குறைச்சல் இல்லை. வீட்டைச் சரிசெய்ய ஆகிற செலவு, புயலுக்கு முன் அந்த வீட்டின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் உதவித்தொகைக்குக் கணக்கு. பேச்சுக்குச் சொல்கிறேன்: ஒரே மாதிரி இரண்டு வீடு, ஒரே மாதிரி சேதம், சரிசெய்ய ஒன்றரை இலட்சம் டாலர் வேணும். வெள்ளையர் தெருவில் இருக்கிற வீட்டுக்கு மதிப்பு இரண்டு இலட்சம், ஆகவே ஒன்றரை இலட்சம் வரும். கறுப்பர் தெருவில் அதே வீட்டுக்கு மதிப்பு அறுபதாயிரம், ஆகவே அறுபதாயிரம்தான் வரும். அதை வைத்து அரை வீட்டைக்கூடக் கட்ட முடியாது. எந்தச் சட்ட வரியிலும் கறுப்பர் என்ற சொல்லே கிடையாது. சேரி நிலத்துக்கு ஏன் விலை இல்லை என்று தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வழக்குப் போட்டார்கள், 2011இல் சமரசம் ஆயிற்று. அதற்குள் ஆறு வருசம் ஓடிவிட்டது.

இன்னொன்று, பத்திரம். கீழ் ஒன்பதாம் வார்டில் பாதிக்கு மேல் சொந்த வீட்டுக்காரர்கள். பாட்டன் கட்டிய வீடு, அப்பன் இருந்த வீடு, ஆனால் பல வீடுகளுக்குப் பேர் மாற்றிய காகிதம் கிடையாது. பத்திரம் இல்லை என்றால் பணம் இல்லை. அரசுக் குடியிருப்புகளோ, நான்கு பெரிய குடியிருப்புகளில் சுமார் 4,500 வீடுகள். பல கட்டடங்கள் கெட்டியான செங்கல் கட்டடங்கள், வெள்ளத்தைத் தாங்கி நின்றவை. அவற்றை இடிக்கலாம் என்று 2007 டிசம்பரில் நகர மன்றம் ஏழுக்கு ஏழு வாக்களித்தது. குடியிருந்தவர்கள் வெளியே கதவருகே மிளகுப்பொடித் தெளிப்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் தன்னார்வலர்கள் வந்தார்கள். இரண்டு விதமாக வந்தார்கள்.

மாலிக் ரஹீம் என்று ஒருவர். நியூ ஆர்லியன்ஸ் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தில் 1970இலிருந்தவர். 1966இல் ஓக்லாந்தில் பிறந்த அந்தச் சிறுத்தையின் பேரைத்தான் 1972இல் பம்பாயில் நம் தோழர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக, அவர் நமக்கு உறவுமுறைதான். அவருடைய அல்ஜியர்ஸ் பகுதியில் தண்ணீர் ஏறவில்லை. துப்பாக்கி ஏந்திய வெள்ளையர்கள் கறுப்பர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புயலடித்து ஒரு வாரத்தில், கையில் ஐம்பது டாலரோடு, நண்பர்கள் சிலரோடு 'காமன் கிரவுண்ட்' தொடங்கினார். 'தர்மம் வேண்டாம், தோழமை வேண்டும்' என்பது முழக்கம். ஒரு பள்ளிவாசலில் மருத்துவ முகாம் போட்டார்கள். 1736இல் தொடங்கிய ஏழைகளின் சாரிட்டி மருத்துவமனையை அரசு மூடியது, மறுபடி திறக்கவே இல்லை. அந்த நேரத்தில் இந்த முகாமில் சனம் வரிசையில் நின்றது. நாடெங்கும் இருந்து ஆயிரக்கணக்கில் மாணவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். பூஞ்சை பிடித்த சுவர்களைப் பெயர்த்து வெளியே போட்டார்கள். 2006 மார்ச்சில் கீழ் ஒன்பதாம் வார்டின் மார்ட்டின் லூதர் கிங் பள்ளிக்குள், அதிகாரிகளின் அனுமதிக்குக் காத்திராமல் நுழைந்து சேற்றை அள்ளினார்கள். பள்ளி வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த வார்டின் பெற்றோரும் ஆசிரியரும். மாணவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள், அவ்வளவுதான். பிறகு அந்தப் பள்ளி திறந்தது.

குறை இல்லாமல் இல்லை. வந்த வெள்ளைப் பிள்ளைகள் அந்தச் சனத்துக்கே பாடம் எடுத்த கதைகள் உண்டு. தலைமையில் இருந்த ஒருவர் எஃப்.பி.ஐ.க்கு உளவு சொன்னவர் என்று சில வருசம் கழித்துத் தெரியவந்தது. இயக்கம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்தே படிக்கணும்.

இரண்டாவது அலை, தொழில்முனைவு அலை. ஐடியா வில்லேஜ் மாதிரி அமைப்புகள் பெரிய பல்கலைக்கழகங்களின் எம்.பி.ஏ. மாணவர்களை விடுமுறையில் வரவழைத்து, உள்ளூர்த் தொழில்களுக்குத் திட்டம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் உட்கார வைத்தன. கணக்கு எழுதத் தெரியாமல் கடன் கிடைக்காமல் நின்ற சிறு கடைக்காரருக்கு அது உதவிதான். 2009 முதல் தொழில்முனைவு வாரம் என்று வருசா வருசம் திருவிழா. பத்திரிகைகள் 'மீண்டெழும் நகரம்' என்று கொண்டாடின.

கொண்டாட்டம் சரி, பணம் எங்கே போயிற்று? அப்போது ஊரில் ஏறத்தாழ 60 விழுக்காடு கறுப்பர்கள். 2012 தொழில் கணக்கெடுப்பில் ஊரின் மொத்தத் தொழில் வரவில் கறுப்பர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது சுமார் 2 விழுக்காடு. இது திறமைக் குறைவா? 2005 செப்டம்பரில், பிணங்கள் மிதந்துகொண்டிருக்கும்போதே, வாஷிங்டன் என்ன செய்தது தெரியுமா? அரசு ஒப்பந்த வேலைக்கு உள்ளூர் வழக்கக் கூலி தரவேண்டும் என்கிற சட்டத்தை நிறுத்திவைத்தார் புஷ். எதிர்ப்பு வந்து நவம்பரில்தான் திரும்பக் கொண்டுவந்தார். புதிதாக ஒப்பந்தம் எடுப்பவர்கள், ஒதுக்கப்பட்டோரை வேலையில் சேர்க்கத் திட்டம் காட்டவேண்டும் என்ற விதிக்கும் மூன்று மாதம் விலக்கு. அவசரம் என்றால் முதலில் பறிபோவது நம்ம பங்குதான் போல. பெரிய ஒப்பந்தம் பலவும் அந்த மூன்று மாதத்தில் கைமாறி விட்டது. அதன் பிறகு வந்து, 'வாங்க, தொழில் திட்டம் எழுதக் கற்றுத் தருகிறோம்' என்றால்?

பள்ளிகளில் இருந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை 2006இல் வேலையை விட்டு எடுத்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பகுதி கறுப்பர்கள், அதிலும் பெண்கள். அந்த ஊரின் கறுப்பு நடுத்தர வர்க்கமே அவர்கள்தான். அவர்கள் இடத்தில் ஊரறியாத இளம் பட்டதாரிகள் இரண்டு வருசச் சேவைக்கு வந்து இறங்கினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். நல்ல எண்ணம் உள்ளவன் உட்கார்ந்த நாற்காலி யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எல்லாத் தொழிலும் மோசடி என்று நான் பேசவரவில்லை. ஊரின் கிழக்கே 1975க்குப் பிறகு அகதிகளாக வந்த வியட்நாமியர் குடியிருப்பு உண்டு. அவர்கள் சீக்கிரமே திரும்பி வந்தார்கள். 2006இல் மேயர் புயல் குப்பையை அவர்கள் பக்கத்தில் கொட்ட உத்தரவு போட்டபோது, அக்கம்பக்கத்துக் கறுப்பர்களோடு சேர்ந்து போராடி அந்தக் கிடங்கை மூடவைத்தார்கள். 2010இல் கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்து இறால் பிடிப்பு நின்றபோது, வேலை இழந்தவர்கள் காய்கறி பயிரிடும் கூட்டுறவு தொடங்கினார்கள். வெளியிலிருந்து உதவி செய்ய ஆள் வந்தார்கள், உண்மை. ஆனால் முதலாளி யார்? பயிரிட்டவர்களே. அந்தச் சனம் கூட்டுறவுக்கு முன்னாடி தெருவில் நின்று குப்பைக் கிடங்கை மூடவைத்த சனம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போ நாகப்பட்டினத்துக்கு வருகிறேன். பிணம் எடுக்க வேறு நகராட்சிகளிலிருந்து நம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆனால் நிவாரணப் பட்டியலில் பல சேரிகளின் பேர் இல்லை. படகு போனால்தான் பாதிப்பு, உப்பேறிய வயலில் கூலி போனால் பாதிப்பு இல்லையாம். நான் போன குழு, ஒரு சேரிப் பெண்களுக்கு மெழுகுவத்தி செய்யக் கற்றுக்கொடுத்தது. 'சுயதொழில்' என்று துணியில் எழுதிக் கட்டினோம். போட்டோ எடுத்தோம். நானே அச்சு வாங்கி வந்தேன், பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டது. "தம்பி, மெழுகுவத்தி நல்லாத்தான் எரியுது. அத ஏத்தி வைக்க வீடு வேணுமே. எங்க பேரு பட்டியல்ல இல்லியாமே, அத யாருகிட்டக் கேக்கறது?"

எனக்குத் தெரியவில்லை. தாலுகா அலுவலகம் எங்கே இருக்கிறது என்றுகூட அதுவரை விசாரித்தது இல்லை. அடுத்த நாள் விசாரித்துக்கொண்டு அந்த அம்மாவோடு போனோம். நான் மனு எழுதினேன், அவர் பேசினார். பேர் ஏறுவதற்கு நாலு மாதம் ஆயிற்று. மெழுகுவத்தி அந்த மாசமே நின்றுபோனது, வாங்க ஆள் இல்லை.

அந்தத் துண்டறிக்கை வைத்திருந்த தம்பி, எங்கே இருக்கீங்க? அதில் 'பயனாளிகள்' என்று போட்டிருக்கிறது. அவங்க யாரு, எந்தத் தெரு, கூப்பிட்டது அவங்களா இந்த நிறுவனமா, இடம் யார் பேர்ல இருக்கு, கடன் வாங்கினா யார் கையெழுத்து? நாளைக்குப் போய்க் கேட்டுக்கிட்டு வாங்க. அடுத்த ஞாயிறு இதே இடத்தில் பேசலாம்.